அந்த வருஷம் செல்லுமா?

வீட்டுப் பிள்ளையோ பெண்ணோ கடல் கடந்து படிக்கப் போகிற பேச்சு எழுந்துவிட்டால் நம் குடும்பங்களில் கேள்விகளுக்குப் பஞ்சமே இல்லை. எவ்வளவு பணம் ஆகும்? அங்கே குளிர் எப்படி? மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா? யாருடைய துணையில் இருப்பது? பாட்டி முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரையில் ஆளுக்கொரு கேள்வி கேட்டுவிடுவார்கள். கேட்க வேண்டிய ஒரு கேள்வி மட்டும் பெரும்பாலும் எவர் வாயிலும் வருவதில்லை. அங்கே படித்த படிப்பு இங்கே செல்லுமா? அந்நிய தேசத்து நாணயத்தை நம் ஊர் மளிகைக் கடையில் நீட்டினால், கடைக்காரர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அழகாய்த்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நம்மிடமே கொடுத்துவிடுவார். வித்தைக்கும் அந்தக் கதி நேர்வதுண்டு.

முதல் நாள் தொட்டுக் கடைசி நாள் வரையில் வெளிநாட்டிலேயே படித்துப் பட்டம் பெறுகிறவர்களின் விஷயம் வேறு. நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது, சொந்தச் சர்வகலாசாலையில் பெயரை வைத்துக்கொண்டே, நடுவில் ஓர் ஆண்டோ அரையாண்டோ அயல் தேசத்தில் படித்துவிட்டுத் திரும்பும் மாணாக்கர்களைப் பற்றி. இதற்கென்று ஏற்பட்டிருக்கும் விதிகள் முதலில் கேட்பவர்களுக்குச் சற்று விநோதமாகவே தோன்றும். ஆனால் ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் பட்ட சிரமம் இருக்கிறது.

கல்வி ஸ்தாபனங்களுக்கு எப்போதுமே இரண்டு அத்தாட்சிகள் வேண்டும். ஒன்று, மாணாக்கன் தங்களிடம் இருந்தான் என்பது. மற்றொன்று, அவன் படித்தான் என்பது. காந்தியடிகள் பாரிஸ்டர் பரீட்சைக்காக 1888-இல் லண்டனுக்குப் போனபோது இந்த இரண்டும் அவருக்கும் விதிக்கப்பட்டன. பரீட்சை தேறினால் மட்டும் போதாது. சுமார் மூன்று வருஷ காலத்தில் பன்னிரண்டு பருவங்களை நிறைவு செய்ய வேண்டும். பருவத்தை நிறைவு செய்வது எப்படி? சபையின் மண்டபத்தில் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டுத்தான்! பருவத்துக்குச் சுமார் இருபத்துநாலு விருந்துகள் நடந்தால் குறைந்தது ஆறுக்காவது வந்திருக்க வேண்டும். நாலு பேர் சேர்ந்த பந்திக்கு இரண்டு புட்டி மது வைப்பார்களாம். மாமிசமும் மதுவும் தொடாத காந்தியடிகளைத் தங்கள் பந்தியில் சேர்த்துக்கொள்ள மற்ற மாணாக்கர்கள் போட்டியிட்டதன் காரணத்தை நாம் விளக்க வேண்டியதில்லை. 1891 ஜூன் 10-ஆம் தேதி அவர் பாரிஸ்டராக்கப்பட்டார். 12-ஆம் தேதி தாய்நாட்டுக்குக் கப்பலேறிவிட்டார்.

இருந்தான் என்பதற்கு விருந்து சாட்சி. படித்தான் என்பதற்குப் பரீட்சை சாட்சி. ஒரே ஸ்தாபனம் இரண்டையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும் வரையில் தகராறு இல்லை. ஒரு கலாசாலையின் மாணாக்கன் ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் மற்றொரு கலாசாலையின் ஆசிரியரிடம் படித்துவிட்டு வந்தால்? அப்போது யாருடைய சாட்சியை யார் ஒப்புக்கொள்வது?

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவில் முதலில் வழி கண்டவர்கள் பெரிய பெரிய சர்வகலாசாலைக்காரர்கள் அல்ல. டெலவேர் என்பது அந்தத் தேசத்து ராஜ்யங்களில் மிகச் சிறியவற்றுள் ஒன்று. அங்கே நியூவார்க் என்னும் சிற்றூரில் இருந்த சர்வகலாசாலையில் ரேமண்ட் கிர்க்பிரைட் என்பவர் அயல் பாஷைகளைப் போதித்து வந்தார். முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸுக்குச் சென்று பணியாற்றித் திரும்பியவர் அவர். பிரெஞ்சு பாஷையை அமெரிக்க வகுப்பறையில் புத்தகத்தை வைத்துக்கொண்டு ஒப்பிப்பதைவிட, மாணாக்கர்களை அந்தத் தேசத்துக்கே அழைத்துப் போய், ஒரு முழு ஆண்டு அங்கே குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சர்வகலாசாலைத் தலைவர் வால்டர் ஹல்லிஹென் அதை ஆதரித்தார். ஆனால் சர்வகலாசாலையின் பெட்டியிலிருந்து இதற்குப் பணம் புரளவில்லை. தலைவர் தனி மனிதர்களிடம் போய் நின்றார். பெரிய தொழிலதிபரான பியேர் டுபாண்ட் உதவினார். பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ஹெர்பர்ட் ஹூவர் அப்போது வர்த்தக மந்திரியாக இருந்தார். அயல்நாடுகளோடு வியாபாரம் செய்வதற்குப் பாஷை தெரிந்த இளைஞர்கள் வேண்டும் என்பதால் அவரும் இந்த யோசனையை ஆமோதித்தார்.

1923 ஜூலை 7-ஆம் தேதி எட்டு மாணாக்கர்களோடு கிர்க்பிரைட் நியூயார்க் துறைமுகத்தில் ரோஷாம்போ என்னும் கப்பலில் ஏறினார். கோடைகாலம் முழுவதும் நான்ஸி நகரத்துச் சர்வகலாசாலையில் பாஷைப் பயிற்சி. அதன் பிறகு பாரிஸில், பெயர் பெற்ற ஸார்போனில் படிப்பு. தங்கியது பிரெஞ்சுக் குடும்பங்களில். பேசுவது பிரெஞ்சு பாஷை மட்டுமே என்பது ஏற்பாடு. இருபது வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர், தங்களுக்குள் கூடத் தாய்மொழியில் அரட்டை அடிக்கக்கூடாது என்றால், அந்தத் துன்பத்தை நம் வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஏற்பாட்டில் நமக்கு மிகவும் வியப்பாகத் தோன்றுவது கப்பல் பயணம் அல்ல. மூன்றாம் ஆண்டைத் தேர்ந்தெடுத்த சாமர்த்தியம்தான். அமெரிக்காவில் பட்டப் படிப்பு நாலு வருஷம். முதல் இரண்டு வருஷத்தில் மாணாக்கன் பொதுப் பாடங்களை முடித்து, பாஷையிலும் ஓரளவு தேர்ச்சி பெற்றுவிடுகிறான். ஆகவே அயல்நாட்டு ஆசிரியர் சொல்வது அவன் காதில் வெறும் சப்தமாக விழாது. நாலாவது வருஷம் திரும்பி வந்துவிடுவதால், அவன் என்ன கற்று வந்தான் என்பதைச் சொந்த ஆசிரியர்கள் பட்டம் கொடுப்பதற்கு முன்பு ஒரு வருஷம் நேரில் பார்த்துவிடலாம். இன்றைக்கும் பல அமெரிக்கக் கலாசாலைகள், பட்டத்துக்கு வேண்டிய பாடங்களில் கடைசிப் பகுதியைத் தங்கள் இடத்திலேயே படித்தாக வேண்டும் என்று விதித்திருக்கின்றன. இதை வெறும் கெடுபிடி என்று சிலர் குறை கூறுவர். பட்டத்தில் முத்திரை வைக்கிறவர்கள், முத்திரை விழும் பொருளைக் கடைசியாக ஒரு முறை கையில் வாங்கிப் பார்க்க விரும்புவது நியாயம் என்பதே நமது அபிப்பிராயம்.

சரி, பாரிஸில் ஒரு வருஷம் படித்ததை எந்தப் படியால் அளப்பது? அமெரிக்காவில் அதற்கு மணிக்கணக்கு உண்டு. வாரத்துக்கு ஒரு மணி வீதம் ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் உட்கார்ந்து தேறினால் ஓர் அலகு. அப்படி ஏறக்குறைய 120 அலகு சேர்ந்தால் ஒரு பட்டம். இந்த மணிக்கணக்கு பலமாக வேரூன்றிய கதையும் வேடிக்கையானது. ஆண்ட்ரூ கார்னகி என்ற கோடீசுவரர் 1905-இல் கலாசாலை ஆசிரியர்களின் உபகாரச் சம்பளத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். அந்த நிதியை நிர்வகித்தவர்கள், எது உண்மையான கலாசாலை, எது பெயரளவில் கலாசாலை என்று பிரித்தறிய ஓர் அளவுகோலைத் தேடினார்கள். உயர்தரப் பள்ளியில் ஒரு பாடத்துக்கு 120 மணி நேரப் போதனை ஓர் அலகு என்றும், இத்தனை அலகு முடித்தவர்களையே சேர்த்துக்கொள்ளும் கலாசாலைதான் தங்கள் பட்டியலில் இடம் பெறும் என்றும் நிபந்தனை வகுத்தார்கள். வயோதிக உபாத்தியாயர்களின் சாப்பாட்டுக்காகப் பிறந்த அளவு, இளைஞர்களின் படிப்பை அளக்கும் மரக்காலாகிவிட்டது!

பாரிஸிலோ இந்த மரக்காலே கிடையாது. ஸார்போன் ஆசிரியர் மேடையில் வந்து பிரசங்கம் செய்வார், கேட்பவர்கள் கேட்கலாம், வருஷக் கடைசியில் பரீட்சை. வாரந்தோறும் சோதனை, வருகைக் கணக்கு, வீட்டுப்பாடம் என்று அமெரிக்கப் பிள்ளைகளுக்குப் பழக்கமான கட்டுத்திட்டங்கள் அங்கே இல்லை. ஆகையால் டெலவேர்க்காரர்கள் தங்கள் ஆசிரியர் ஒருவரையே உடன் அனுப்பி, மாணாக்கர்களின் படிப்பையும் பரீட்சையையும் மேற்பார்வை செய்யவைத்தார்கள். சாட்சி சொல்ல வீட்டு மனிதர் ஒருவர் கூடவே இருந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு கணக்கில் சேர்ந்தது. விரைவிலேயே மற்றக் கலாசாலைகளின் மாணாக்கர்களும் டெலவேர்க் கூட்டத்தோடு சேர்ந்து போகலாயினர். 1925-இல் பெண்களுக்கான ஸ்மித் கலாசாலையும் தன் மாணவிகளைப் பாரிஸுக்கு அனுப்பத் தொடங்கியது. இரண்டாவது உலக யுத்தம் குறுக்கிட்டது. யுத்தத்துக்குப் பிறகு டெலவேர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. 1948-இல் வர்ஜீனியாவிலுள்ள ஸ்வீட் பிரையர் என்னும் பெண்கள் கலாசாலை அதை ஏற்று நடத்த முன்வந்தது.

அமெரிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறந்துவிட்டது. ஆனால் எதிர்த் திசையில் அமெரிக்காவுக்குப் போய்ப் படித்துவிட்டு ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களுக்கு என்ன மரியாதை கிடைத்தது? அதைத் தெரிந்துகொள்ள ரோமாபுரிக்குப் போக வேண்டும்.

ஸோபியா கொர்ராடி என்பவர் ரோமாபுரியின் லா ஸப்பியென்ஸா சர்வகலாசாலையில் சட்டம் பயின்ற மாணவி. பட்டத்துக்கு இன்னும் சில பரீட்சைகளே பாக்கி இருந்த சமயத்தில், 1957-இல், அவருக்குப் புல்பிரைட் உதவிச் சம்பளம் கிடைத்தது. யுத்தத்தில் மிஞ்சிப்போன அமெரிக்கத் தளவாடங்களை அயல்நாடுகளில் விற்று வந்த பணத்தைக் கொண்டு 1946-இல் ஏற்பட்ட உதவி அது. பீரங்கிக்கு வாங்கிய இரும்பு கடைசியில் புத்தகமாக மாறியது என்று சொல்லலாம். கொர்ராடி அம்மையார் நியூயார்க் கொலம்பியா சர்வகலாசாலையில் ஓர் ஆண்டு படித்து, ஒப்பியல் சட்டத் துறையில் முதுகலைப் பட்டமே பெற்றுத் திரும்பினார்.

1958-இல் ரோமாபுரியில் தம்முடைய சர்வகலாசாலைக் காரியாலயத்துக்குப் போனார். அமெரிக்காவில் தேறிய பாடங்களை இங்கே தேறியதாக ஏற்றுக்கொண்டு, பட்டத்தை முடித்துக்கொள்ள அனுமதிக்க வேண்டும் என்று கேட்டார். காரியாலயத்தில் இருந்தவர் ஏற்க மறுத்ததோடு நிற்கவில்லை. அமெரிக்காவுக்கு உல்லாசமாய்ச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டு, அதைப் படிப்பென்று ஒப்புக்கொள்ளச் சொல்கிறாயா என்ற தோரணையில், மற்றவர்கள் முன்னிலையிலேயே அவரைக் கடிந்துகொண்டாராம். அம்மையார் பிற்காலத்தில் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். உலகப் பிரசித்தி பெற்ற சர்வகலாசாலையின் முதுகலைப் பட்டம் கையில் இருந்தது. அந்தக் கடையில் அது செல்லாக்காசு! பாக்கிப் பரீட்சைகளை மறுபடி ரோமாபுரியிலேயே எழுதித்தான் அவர் பட்டம் பெற வேண்டியிருந்தது.

அவமானம் அடைந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு மறந்துவிடுவார்கள். கொர்ராடி மறக்கவில்லை. இத்தாலியச் சர்வகலாசாலைத் தலைவர்களின் சங்கத்துக்கு ஆலோசகரான பின்னர், 1969-இல் ஒரு யோசனையை எழுதி முன்வைத்தார். யோசனை எளிமையானது. மாணாக்கன் படிப்பின் ஒரு பகுதியை அயல்நாட்டில் முடிக்கலாம். ஆனால் எந்தெந்தப் பாடம் என்பதைப் புறப்படுமுன்பே சொந்தச் சர்வகலாசாலை பார்த்துச் சம்மதித்துவிட வேண்டும். சம்மதித்ததைத் திரும்பி வந்த பிறகு மறுக்கக்கூடாது. அவ்வளவுதான். இந்தச் சிறு விஷயத்துக்காக அவர் ஏறக்குறைய பதினெட்டு வருஷம் காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கினார். ஐரோப்பிய சமூகத்து ராஜ்யங்கள் பணத்தைப் பற்றித் தங்களுக்குள் வாதாடிக்கொண்டிருந்தன. கடைசியில் 1987 ஜூன் 15-ஆம் தேதி எராஸ்மஸ் திட்டம் நிறைவேறியது. ராட்டர்டாமில் பிறந்து, பாரிஸ், இங்கிலாந்து, இத்தாலி, பாஸல் என்று வித்தை தேடி அலைந்து 1536-இல் மறைந்த பண்டிதர் எராஸ்மஸின் பெயர் அதற்கு வாய்த்தது. முதல் ஆண்டில் பதினொரு தேசங்களிலிருந்து 3,244 மாணாக்கர் போய் வந்தனர். அன்றிலிருந்து இத்திட்டத்தினால் பயனடைந்தவர்களின் தொகை ஒரு கோடிக்கு மேல். கொர்ராடி அம்மையாரை 'எராஸ்மஸ் அம்மா' என்றே ஐரோப்பிய மாணாக்கர்கள் அழைத்தார்கள்.

திட்டத்தின் உயிர் ஒரு தாளில் இருக்கிறது. படிப்பு ஒப்பந்தம் என்று அதைச் சொல்லலாம். அனுப்பும் சர்வகலாசாலை, ஏற்கும் சர்வகலாசாலை, மாணாக்கன் ஆகிய மூவரும் அதில் பிரயாணத்துக்கு முன்பே கையெழுத்திடுகிறார்கள். அங்கே இன்னின்ன பாடம் படிப்பான், அதற்கு இத்தனை அலகு, அவை இங்கே இன்னின்ன பாடங்களுக்கு ஈடாகும் என்பவை வரிவரியாக இருக்கும். ஒரு வருஷப் படிப்புக்கு 60 அலகு என்பது கணக்கு. ஓர் அலகுக்கு மாணாக்கன் 25 முதல் 30 மணி நேரம் உழைப்பான் என்று வைத்திருக்கிறார்கள். அமெரிக்கக் கணக்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அங்கே முக்கியமாக எண்ணப்படுவது ஆசிரியர் முன் உட்கார்ந்த நேரம். இங்கே வீட்டில் கண் விழித்துப் படித்த நேரமும் சேர்த்து எண்ணப்படுகிறது. போய்ச் சேர்ந்த பிறகு ஒரு பாடம் நடைபெறவில்லை என்றாலோ இரண்டு பாடங்கள் ஒரே வேளையில் மோதிக்கொண்டாலோ, முதல் சில வாரங்களுக்குள் தாளைத் திருத்தி மூவரும் மீண்டும் ஒப்பலாம். இதை அலட்சியம் செய்கிறவர்கள்தான் பிற்பாடு தவிப்பவர்கள். சம்பளம் அங்கே கட்ட வேண்டியதில்லை. சொந்தச் சர்வகலாசாலையில் வழக்கமாகக் கட்டுவதைக் கட்டினால் போதும்.

மதிப்பெண் விவகாரத்தை மட்டும் சற்று விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். இத்தாலியில் முப்பதுக்கு மார்க் போடுகிறார்கள். 18 எடுத்தால் தேறலாம். பிரான்ஸில் இருபதுக்கு, பத்து எடுத்தால் தேர்ச்சி, பதினாறு எடுத்தவன் மகா கெட்டிக்காரன். ஸ்பெயினில் பத்துக்கு. ஜெர்மனியிலோ தலைகீழ்! அங்கே 1 என்பது முதல்தரம். 4 தேர்ச்சியின் எல்லை. 5 என்றால் தோல்வி. பாரிஸில் இருபதுக்குப் பதினாலு வாங்கிய இத்தாலியப் பெண், ஊரெல்லாம் மெச்சிய சந்தோஷத்தோடு ரோமாபுரிக்கு வருகிறாள். குமாஸ்தா காகிதத்தில் விகிதக் கணக்குப் போட்டு, முப்பதுக்கு இருபத்தொன்று என்று எழுதிவிட்டால் அவள் சாதாரண மாணவியாகிவிடுகிறாள். கணக்கு சரி, நியாயம் தவறு. ஆகவே, அந்தச் சர்வகலாசாலையில் நூறு பேர் தேறினால் எத்தனை பேர் இந்த மார்க்குக்கு மேல் வாங்குகிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்து, அதே ஸ்தானத்துக்குரிய மார்க்கை இங்கே கொடுப்பதுதான் நேர்மை என்று ஐரோப்பியர் முடிவு செய்தனர். எல்லாக் காரியாலயங்களும் அதன்படி நடந்துவிடுகின்றன என்று நாம் சத்தியம் செய்ய மாட்டோம்.

அமெரிக்கக் கலாசாலைகளில் பல, இந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டன. அயல்நாட்டில் தேறிய பாடத்தின் அலகை ஏற்றுக்கொள்வார்கள். மார்க்கைச் சராசரியில் சேர்க்கமாட்டார்கள். இதனால் சோம்பேறிகளுக்குக் கொண்டாட்டம் என்பது உண்மைதான். ஆயினும், பழக்கமில்லாத பாஷையில் பழக்கமில்லாத பாடத்தை எடுக்கத் தயங்கும் நல்ல மாணாக்கனுக்கு இது தைரியம் கொடுக்கிறது. அந்தத் தைரியத்துக்காகச் சோம்பேறிகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழு இதற்கென்று விதிகள் வெளியிட்டது. அவற்றின்படி இந்தியச் சர்வகலாசாலைகளும் அயல்நாட்டுச் சர்வகலாசாலைகளும் மூன்று விதமாகக் கைகோக்கலாம். முதலாவது இணைப்புப் படிப்பு: மாணாக்கன் மொத்த அலகுகளில் நூற்றுக்கு முப்பதுக்கு மேற்படாமல் வெளியே படிக்கலாம், பட்டம் தருவது இந்திய ஸ்தாபனம். இரண்டாவது கூட்டுப் பட்டம்: இரண்டு ஸ்தாபனங்களும் சேர்ந்து ஒரே பட்டம் கொடுக்கும்; ஒவ்வொன்றிலும் குறைந்தது நூற்றுக்கு முப்பது அலகாவது படித்திருக்க வேண்டும். மூன்றாவது இரட்டைப் பட்டம்: இரண்டும் தனித்தனியே பட்டம் வழங்கும். விளம்பரங்களில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிப் பெரிய எழுத்தில் அச்சிடுவோர் உண்டு. பெற்றோர்கள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டத்தில் யார் பெயர் இருக்கும், அலகில் எத்தனை பங்கு வெளியே படிக்கலாம் என்ற இரண்டையும் சின்ன எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும்.

வெளிநாட்டுச் சர்வகலாசாலையின் அழைப்புக் கடிதம் வந்துவிட்டால் வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறோம். வைக்கட்டும். ஆனால் அந்தக் கடிதம் உள்ளே நுழைவதற்குத்தான் அனுமதி; திரும்பி வந்து பாடத்தைக் கணக்கில் சேர்ப்பதற்கு அல்ல. அதற்கு வேறு தாள் வேண்டும். அங்கே எடுக்கப்போகும் ஒவ்வொரு பாடத்துக்கும் பெயர், அலகு, இங்கே அதற்கு ஈடான பாடம், மார்க்கை மாற்றும் முறை, ஒரு பாடத்தில் தவறினால் மறு பரீட்சை எங்கே என்ற விவரங்களோடு, சொந்தக் கலாசாலையின் துறைத் தலைவரும் பரீட்சை அதிகாரியும் ஒப்பமிட்ட தாள் அது. பாஸ்போர்ட்டையும் ஊறுகாய் ஜாடியையும் பெட்டியில் வைக்கும்போது அதன் பிரதி ஒன்றையும் வைத்து, மூலத்தை வீட்டு இரும்புப் பெட்டியில் பூட்டிவிடலாம். பாடங்களின் திட்டம், எழுதிய கட்டுரைகள், வருகைச் சான்று இவற்றையும் அங்கிருந்து புறப்படுமுன் கையோடு வாங்கி வரவேண்டும். கடல் கடந்து வந்த பிறகு அவற்றைக் கடிதம் எழுதிப் பெறுவதற்குள் அடுத்த பரீட்சைக் கட்டணத் தேதி வந்துவிடும்.